பெலிக்ஸின் கொடிகளுக்கு நான் வைத்த சிவப்புப் புள்ளிகள்

உயிரோடு இருக்கிறதா, இல்லையா என்று பார்த்துப் புள்ளி வைப்பதுதான் என் தொழில். மனுஷருக்கு அல்ல, திராட்சைக் கொடிக்கு. ஸ்பெயின் நாட்டில் ரியோஹா என்று ஒரு பகுதி, வைனுக்குப் பேர் போன இடம். அங்கே தோட்டங்களுக்கு மேலே ட்ரோன் பறந்து படம் எடுக்கும். அந்தப் படங்கள் பாளையங்கோட்டையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருக்கிற லேப்டாப்புக்கு வந்து சேரும். ஒவ்வொரு கொடியாகப் பெரிதாக்கிப் பார்த்து, நன்றாக இருந்தால் பச்சைப் புள்ளி, சீக்காக இருந்தால் மஞ்சள், செத்திருந்தால் சிவப்பு. இப்படி ஆயிரக்கணக்கில் புள்ளி வைத்துக் கொடுத்தால் அதைப் பார்த்து ஒரு கம்ப்யூட்டர் தானாகக் கற்றுக்கொள்ளுமாம். அது கற்றுக்கொள்ளும் வரைக்கும் அந்த ஊர்த் தோட்டக்காரர்களுக்கு எங்கள் புள்ளிதான் தீர்ப்பு.

ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் மவுஸுமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தோழிகளுக்கு இதன் பாடு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் பாடு கொஞ்சம் கூடுதல். என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். இருபது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். வீட்டுக்குக் கொண்டு வந்த நாளிலிருந்து அவள் தூங்கும்போதெல்லாம் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கணவர் சாமுக்குத் தூத்துக்குடியில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் பிள்ளையும் என் பயமும்தான். இப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு வேலை வந்து வாய்த்ததைக் கர்த்தருடைய வேடிக்கை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வேலையில் நான் ஒரு மனிதரின் தோட்டம் முழுவதையும் சாகடித்துவிட்டேன். அவர் பெயர் பெலிக்ஸ். அது பிழைத்ததா என்று தெரிய மார்ச் மாதம் வரைக்கும் ஆனது. பாப்பா தூங்கிவிட்ட தைரியத்தில் எழுதுகிறேன். ஆரம்பத்திலிருந்தே வருகிறேன்.

பந்தல் எங்கே?

பயிற்சி வண்ணார்பேட்டையில், ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் நடந்தது. சொல்லிக் கொடுத்தவர் எங்கள் டீம் லீடர் இசக்கி அண்ணன். முதல் படத்தைத் திறந்ததும் எனக்கு ஏமாற்றம். கான்வென்டில் எட்டாம் வகுப்பு படித்தபோது கம்பத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். தலைக்கு மேலே பந்தல், பந்தலிலிருந்து குலை குலையாகத் தொங்கும் திராட்சை, "கை வைக்கிறவள் பஸ்ஸில் ஏற மாட்டாள்" என்ற சிஸ்டரின் குரல். திராட்சைத் தோட்டம் என்றால் எனக்கு அதுதான். இங்கேயோ பந்தலும் இல்லை, கொடிக்குரிய லட்சணமும் இல்லை. செம்மண்ணும் கல்லுமான சரிவில் முழங்கால் உயரத்துக்குப் புதர் புதராக உட்கார்ந்திருந்தது. சில தோட்டங்களில் மட்டும் கம்பி கட்டி வரிசையாக ஏற்றியிருந்தார்கள்.

"அண்ணே, இது போன வருஷம் நட்ட கன்னா?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்து, புதராக நிற்பதெல்லாம் எண்பது வருஷத்துக் கொடி, கம்பியில் ஏறியதுதான் புதுசு என்றார். எண்பது வருஷத்துக் கொடி ஏன் முழங்காலுக்கு மேல் வளரவில்லை, பந்தல் இல்லாமல் எப்படி நிற்கிறது, யார் குனிந்து பறிப்பார்கள் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். இசக்கி அண்ணன் தாளைப் பைய மடித்து வைத்தார்.

"என்கிட்ட கேக்காதம்மா. போன மாசம் வரைக்கும் நான் கனடாக்காரன் பண்ணையில மாடு எண்ணிக்கிட்டு இருந்தவன்."

குரங்குச் சேட்டை

ஜூலைக் கடைசியில் வந்த படங்களைப் பார்த்துப் பதறிப் போனேன். கொடிக்குக் கொடி, காலடியில் பச்சைக் காய்க் குலைகள் அறுந்து கிடந்தன. ஒன்றிரண்டு அல்ல, பாதிக்குப் பாதி. பாபநாசம் போய் வந்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் புரிந்துவிடும். ஒரு கடி கடிக்கும், ஒன்பதைப் பிய்த்துப் போடும். குறிப்பு எழுதும் கட்டத்தில் கான்வென்ட் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி வைத்தேன்: "குரங்குச் சேட்டை கடுமையாக இருக்கிறது. உடனே கவனிக்கவும்."

புதன்கிழமை மதியம் ரியோஹாவிலிருந்து பிலார் திரையில் வருவார். தோட்டக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர் பார்க்கிற அம்மாள், ஐம்பது வயதிருக்கும். அவர் பேசுவது ஆங்கிலம், தமிழாக்கியது நான். அந்தப் புதன்கிழமை அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். ஒரு தோட்டத்தில் இவ்வளவுதான் விளையலாம் என்று அங்கே வரம்பு உண்டாம். கொடியில் குலை கூடிப் போனால் சாறு நீர்த்துவிடுமாம். அதனால் நல்ல குலைகளையே பிஞ்சிலேயே வெட்டிப் போட்டுவிடுவார்களாம், மீதிக்குச் சத்துச் சேரட்டும் என்று. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். எங்கள் வீட்டில் அந்தக் காயைக் கண்டிருந்தால் ஊறுகாய் போட்டிருப்பார்கள்.

கடைசியில் பிலார் சொன்னார்: "ரியோஹாவில் குரங்கு கிடையாது, பெனிட்டா. அந்தத் தோட்டத்தில் வெட்டிப் போட்டது என் புருஷன்."

ஒரு தொப்பியும் இரண்டு தோளும்

பெலிக்ஸை எனக்கு அந்தச் சமயத்தில்தான் தெரிய வந்தது. மலைச்சரிவில் ஒரு சின்னத் தோட்டம், எல்லாமே பழைய புதர்க்கொடிகள். அதை எப்போது படம் எடுத்தாலும் நடுவில் ஒரு ஆள் நிற்பார். மேலேயிருந்து எடுப்பதால் முகம் தெரியாது. ஒரு தொப்பி, இரண்டு தோள், இடுப்பில் வைத்த கைகள், அவ்வளவுதான். அவர் நிற்கும் இடத்தில் இரண்டு மூன்று கொடிகள் மறைந்துவிடும். எனக்குப் புள்ளி வைக்க முடியாது. ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள் என்று பிலாரிடம் கேட்டேன்.

பிலார் தலையை ஆட்டினார். "சொல்லிப் பார்த்தாயிற்று. ஆகாயத்திலிருந்து பார்க்கிறவன் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்கிறார் பெலிக்ஸ்."

ஆழ்வார்குறிச்சி மாமா

சாமுடைய பெரியப்பாவுக்கு ஆழ்வார்குறிச்சியில் வயல். பேத்தியைப் பார்க்க வந்தவர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். அப்போது ஆகஸ்ட். மண் வெடித்துக் கிடந்தது. மாமா படத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாய்க்காலைத் தேடினார். மடை எது, வரப்பு எது என்று விரலால் தடவிப் பார்த்தார். படத்தை நகர்த்தி, கீழே வளைந்து ஓடும் எப்ரோ ஆற்றைக் காட்டினேன். நம் ஆற்றைவிடப் பெரியது. "ஆத்தைப் பக்கத்துல வச்சிக்கிட்டா பயிரைக் காய விட்டிருக்காவ?" என்றார்.

வேண்டுமென்றேதான் காய விடுகிறார்கள் மாமா, தாகத்தில் வேர் ஆழப் போகுமாம், தண்ணீர் பாய்ச்சினால் பழம் வெறும் தண்ணீராகிவிடுமாம் என்று பிலாரிடம் கேட்டதை ஒப்பித்தேன். மாமா நம்பவில்லை. கார் பருவத்துக்கு அணை எப்போது திறக்கும் என்று நாளெண்ணிக் காத்திருக்கிறவரிடம் இதைச் சொன்னால் எப்படி நம்புவார்? காபியைக் குடித்துவிட்டு, வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து கேட்டார்.

"ஏம்மா, அந்த ஊர்ல கலெக்டருக்கு மனு குடுக்க மாட்டாவளோ?"

சபையில் வந்த கேள்வி

நான் வைன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்று எங்கள் சபையில் பேச்சுப் பரவிவிட்டது. ஆராதனை முடிந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், பெண்கள் ஐக்கியச் செயலாளர் அக்கா வழிமறித்தார். போதைக்குத் துணை போவது சரியா, பிள்ளை பெற்றவள் யோசிக்க வேண்டாமா என்று கால் மணி நேரம். நான் கொடிக்குப் புள்ளி மட்டும்தான் வைக்கிறேன் அக்கா, திராட்சை ரசத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடக் காலத்தில் சிஸ்டர் முன்னால் நின்ற மாதிரி நின்றேன்.

சுற்றிலும் நின்றவர்கள் கலைந்ததும் அக்கா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "திருவிருந்துக்கு நாம போடுத பன்னீர் திராட்சை ரசம் மூணு மாசமாப் புளிச்சுப் போகுது. அங்கன என்ன செய்யுதாவன்னு கேட்டுச் சொல்லுட்டி."

மொட்டைக் கட்டைகள்

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஜனவரியில் ஒரு கட்டுப் படம் வந்தது. என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் குளிர்காலம் அது, அதுவும் திரையில். நம் பக்கம் எந்த மரமும் ஒரேயடியாக இப்படி நிற்பதில்லை. கம்பியில் ஏற்றிய தோட்டங்களில் இலை கொட்டியிருந்தது, ஆனால் கொடிக்கொடியாகப் பழுப்புத் தண்டு நீண்டிருந்தது. எங்களுக்குக் கொடுத்த விதித்தாளில், "தண்டு நீண்டிருந்தால் உயிர் உண்டு, வெறும் கட்டை என்றால் செத்தது" என்று இருந்தது. அது கோடைக்கு எழுதிய விதி என்று எனக்குத் தெரியாது. அதன்படி அவற்றுக்கெல்லாம் பச்சை வைத்தேன். பெலிக்ஸின் தோட்டத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. ஒரு தண்டு இல்லை. கரிக்கட்டையை வரிசையாக நட்டது போல, விரல்களை வெட்டிய கை போல, நானூற்றுப் பன்னிரண்டு கறுப்புக் கட்டைகள். நடுவில் அதே தொப்பி. பாவம், எல்லாம் போன பிறகும் நிற்கிறாரே என்று நினைத்தேன். தொப்பியைச் சுற்றிச் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்தேன். பாப்பா அழுதாள், எழுந்து போய்ப் பால் கொடுத்தேன், திரும்பி வந்து மீதியையும் வைத்து முடித்தேன்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்த பிலார் நடுவில் சொன்னார். பெலிக்ஸின் தோட்டத்தைப் பிடுங்கப் போகிறார்கள். அறுவடை மெஷின் போகிற மாதிரி கம்பி கட்டிப் புதுக்கொடி நட வேண்டும் என்று அவர் மகன் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். பெலிக்ஸ் விட்டதில்லை. இப்போது எங்கள் அறிக்கை வந்ததும் மகன் அதைத் தூக்கிக் கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். தண்டை உள்ளேயே அரித்துக் கொல்லும் நோய் அந்தச் சரிவில் உண்டு, அதுதான் மொத்தமாக முடித்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஏப்ரலில் புல்டோசர் வரும்.

"நானூற்றுப் பன்னிரண்டும் போச்சா என்று என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார்," என்றார் பிலார். "ஆமாம் என்றேன்."

ரோஸ்லின் அக்காவின் முருங்கை

அதே வாரம். எங்கள் கொல்லைப்புறச் சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்காவின் முருங்கை நிற்கும். டிசம்பர் மழைக்குப் பிறகு அதில் கம்பளிப்பூச்சி அடைந்துவிட்டது. பிள்ளை மேல் விழுந்துவிடுமோ என்று நான் கொல்லைக் கதவைப் பூட்டியவள்தான், இரண்டு மாதம் திறக்கவே இல்லை. அக்கா ஆள் விட்டு மரத்தை மொட்டையாக வெட்டியிருக்கிறார், அது எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கதவைத் தட்டி, "ஏட்டி, கீரை வாங்கிக்கோ" என்றார். திறந்தால், இடுப்புயரக் கட்டையின் தலையில் குடை விரித்த மாதிரி இளம்பச்சைக் கொழுந்து.

கீரையை வாங்காமலே கேட்டேன். "அக்கா, இதை வெட்டினப்ப எப்படி இருந்துச்சு?" "எப்படி இருக்கும், கட்டையாத்தான் இருந்துச்சு." "ஒரு கிளைகூட இல்லாமலா?" "ஒண்ணு கிடையாது." குளிர்காலம் முடிவதற்குள் எல்லோரும் வெட்டிவிடுகிற தண்டுகளைப் பெலிக்ஸ் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு முந்திக்கொண்டு டிசம்பரிலேயே வெட்டிவிட்டார், அவ்வளவுதான் நடந்தது என்பது எனக்கு அந்த முருங்கைக்கு முன்னால் நின்றபோது புரிந்தது. பார்த்துப் பார்த்து வெட்டியிருக்கிறார். நான் அதைப் பிணம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அழுதுகொண்டே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் இடுப்பில் பாப்பா. முடி அடர்த்தியாக வரட்டும் என்று முந்தின வாரம்தான் அவளுக்கு மொட்டை போட்டிருந்தோம்.

அக்கா அவள் தலையை ஒரு தட்டுத் தட்டினார். "மொட்டையா நின்னா செத்துப் போச்சுன்னா எழுதுவ? அப்ப இவளுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வையி!"

சாரி, சிஸ்டர்

சாமிடம் போனில் சொன்னேன். அவர் நல்லவர்தான், ஆனால் வேலையில் நான் நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. "வாயைத் திறக்காத, வேலை போயிரும். அவங்க ஊர்க் கொடியை அவங்களுக்குத் தெரியாதா?" என்றார். அதுவும் சரி என்று இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரல் வைக்கும்போதெல்லாம் தொப்பி நினைவுக்கு வந்தது. விரலில் மூச்சுப் படும், நான் நிம்மதியாகப் படுப்பேன். அங்கே ஒரு மனுஷன் என் பேச்சை நம்பி, விரல் வைத்துக்கூடப் பார்க்காமல் நிற்கிறார்.

மூன்றாம் நாள் இசக்கி அண்ணனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தப் படத்தைத் திரும்பத் திறந்து பார்த்தார். பிறகு, "எனக்கும் ஒரு நிமிஷம் இடிச்சிச்சும்மா. நீ எப்பவும் சரியா வைப்பியேன்னு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பிலாரைத் திரைக்கு வரவழைத்தார். நான் எழுதி வைத்ததைப் படிக்க ஆரம்பித்தேன். பாதியில் தாள் மங்கலாகிவிட்டது. பன்னிரண்டு வருஷக் கான்வென்ட் பழக்கம், வாயிலிருந்து "சாரி, சிஸ்டர்" என்றுதான் வந்தது. பிலார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இப்போது எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, மார்ச்சில் வெயில் ஏறும்போது வேர் தண்ணீர் இழுக்கும், உயிர் இருந்தால் வெட்டிய இடத்தில் சொட்டும், அதுவரைக்கும் புல்டோசரைத் தள்ளி வைக்கச் சொல்கிறேன் என்றார். கொடியின் அழுகை என்று அதற்கு அங்கே பெயராம்.

போகும்போது சொன்னார்: "நான் சிஸ்டர் இல்லை, பெனிட்டா. ஜனவரிக் கொடியை இருபது வருஷமாகப் பார்க்கிறவள் நான். நேரில் போய் ஒரு கட்டையைக்கூடத் தொடாமல், உன் புள்ளியை நம்பி அந்த மனுஷனிடம் ஆமாம் என்றேனே, நான் யாரிடம் சாரி சொல்ல?"

அழுகை

மார்ச் மூன்றாம் வாரம் வரைக்கும் ஒன்றும் வரவில்லை. ரியோஹாவில் இன்று வெயிலா, மழையா என்று போனில் பார்ப்பதே எனக்குப் பொழுதாகிவிட்டது. ஆழ்வார்குறிச்சி மாமாகூடப் போன் போட்டு, "தண்ணி இழுத்துச்சாம்மா?" என்று கேட்டார். ஒரு மதியம் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது பிலார் ஒரு வீடியோ அனுப்பினார். ட்ரோன் படம் அல்ல, கையில் பிடித்து எடுத்தது. கறுப்புக் கட்டை ஒன்று, வெகு அருகில். வெட்டிய முனையில் ஒரு துளி திரண்டது. வெயிலில் மின்னியது. விழுந்தது. இன்னொன்று திரண்டது. கேமரா அடுத்த கட்டைக்குப் போயிற்று, அதிலும் சொட்டு. அடுத்ததிலும். பிள்ளை ஸ்பூனைப் பிடுங்கித் தரையில் எறிந்தது எனக்குத் தெரியவே இல்லை.

நானூற்றுப் பன்னிரண்டில் பதினொன்று உண்மையிலேயே செத்திருந்தன. மீதி அத்தனையும் அழுதன. மகன் புல்டோசரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அவரும் குனிந்து ஒரு துளியை விரலில் ஏந்திப் பார்த்தாராம். என் வேலையும் போகவில்லை. குளிர்காலப் படங்களுக்குத் தனி விதித்தாள் எழுதும் பொறுப்பை இசக்கி அண்ணன் என் தலையிலேயே கட்டிவிட்டார்.

வீடியோவின் கடைசியில் கேமரா மேலே ஏறியது. முதன்முதலாகத் தொப்பிக்குக் கீழே ஒரு முகம் தெரிந்தது. வெயிலில் காய்ந்த முகம், நரைத்த புருவம், என்னைவிடப் பயந்த கண்கள். பிலார் அவரிடம் ஏதோ கேட்டார். புள்ளி வைத்தது இந்தியாவில் ஒரு கைப்பிள்ளைக்காரி, குளிர்காலமே பார்க்காதவள், அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாராம். பெலிக்ஸ் ஸ்பானிஷில் சொன்னதைப் பிலார் எனக்கு எழுதி அனுப்பினார்.

"ஒவ்வொரு ஜனவரியிலும் எனக்கும் அப்படித்தான் தோன்றும், எல்லாம் செத்துவிட்டது என்று. நான் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்."

ஆக, இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று: உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் புள்ளி வைக்காமல் எழுந்து போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும், தொட்டதும் அது முழித்துக்கொண்டு தெருவே எழும்படி கத்தினால் பச்சைப் புள்ளி என்று எடுத்துக்கொண்டு, இதோ எனக்கு இப்போது நேர்ந்தது போல, எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய்த் தொட்டில் ஆட்ட வேண்டும்.